சொட்டாத நெய்க் கெண்டி

மருதங்கோட்டை ஜமீனில் எத்தனை நெய் உருக்கினாலும் பந்திக்குப் பற்றவில்லை. காரியஸ்தர் சேதுராயர் பழியைத் தூக்கி, நெய் பரிமாறும் மூக்குவைத்த கெண்டியின் மேல் போட்டார்.

"மூக்கு வழியா சொட்டிச் சொட்டியே பாதி போயிடுதுங்க, எசமான்."

கெண்டியை வார்த்தவள் பித்தளைப் பட்டறைக்காரி வடிவாச்சி. ஜமீன்தார் அவளை வரவழைத்தார். "ஒரு சொட்டும் சிந்தாத கெண்டி செய். இல்லேன்னா பட்டறையை மூடு."

சேதுராயர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அப்படியொரு கெண்டி உலகத்தில் ஏது?

வடிவாச்சி மூக்கின் நுனியைக் கத்திபோல் மெலிதாகத் தட்டினாள். மூக்கைச் சுற்றி ஒரு கிண்ணம் வைத்தாள். நுனியில் வழிகிற நெய் அதில் இறங்கி, சின்னத் துளை வழியாகக் கெண்டிக்குள்ளேயே திரும்பிப் போனது. அன்றைய பந்தியில் இலைக்கு வெளியே ஒரு பொட்டு நெய் இல்லை.

மறுநாளும் நெய் குறைந்தது. "இதுவும் சொட்டுதுங்க" என்றார் சேதுராயர்.

"சொட்டியிருந்தா பந்தி நடக்கிற இடத்துல எறும்பு மொய்ச்சிருக்கணும், எசமான்" என்றாள் வடிவாச்சி. "அது ஏன் சமையல்கட்டுலேருந்து காரியஸ்தர் வீட்டுக்கு வரிசை கட்டிப் போகுது?"

ஜமீன்தார் எறும்புகளின் பின்னாலேயே நடந்தார். வரிசை சேதுராயரின் கட்டிலடியில் முடிந்தது. அங்கே பழைய கெண்டி, கழுத்துவரை நெய்யோடு.

வடிவாச்சிக்குத்தான் கோபம் வந்தது. "நான் புதுசு செஞ்சு கொடுத்திருக்கேன், நீங்க பழசுலயா திருடுவீங்க? என் புதுக் கெண்டியில எடுத்திருந்தா ஒரு எறும்பு வந்திருக்குமா, ஐயா?"