மடக்குக் கத்திக்கு ஒரு பை

மாசானமுத்துவிடம் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. பதினோரு வருஷமாக இருந்தது. அது இருக்கிற விஷயம் ஊரில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

மனுஷர் அதில் அப்படியொரு கெட்டிக்காரர். ஒரு நாள் வேட்டியின் இடுப்பு மடிப்பில் சுருட்டி வைத்திருப்பார். இன்னொரு நாள் உள்ளே போட்டிருக்கும் பட்டாபட்டி டிராயரின் பையில் போட்டுப் பட்டன் மாட்டிவிடுவார். சந்தைக்குப் போனால் பச்சை பெல்ட்டின் பின்பக்கம். வெயில் நாளில் தலைப்பாகைக்குள். துண்டைத் தோளில் போட்டால் துண்டின் மூலை முடிச்சில். பார்க்கிறவனுக்கு அவர் வெற்றிலை வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றும்.

கத்தியை ஒளித்துவிட்டார், சரி. ஆனால் அதோடு சேர்ந்து தானும் ஒளிந்துகொண்டார். யாராவது பக்கத்தில் வந்து பேசினால் இரண்டு எட்டு பின்னால் போவார். பஸ்ஸில் கடைசி மூலையில் ஒட்டித்தான் நிற்பார். சலூனில் போய்க் கழுத்தைக் கொடுத்து உட்கார முடியாது என்று தாடியைத் தானே வழித்துக்கொள்வார். "மாசானத்துக்கு வாயி நாறும் போலருக்கு, அதான் தள்ளியே நிக்காரு" என்று ஊரில் கிண்டல் பண்ணினார்கள். அதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்.

தென்னந்தோப்பு ஒன்றில் அவருக்குக் காவல் வேலை. குடியிருப்பு அங்கேயே மோட்டார் ரூமில். ஒரு தட்டு, ஒரு தம்ளர். பேசுவதற்கு மோட்டார்தான். அதுவும் கரண்ட் இருந்தால்தான் பதில் சொல்லும்.

செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் தையலம்மாவைப் பார்க்கப் போவார்.

மலையடிவாரத்தில் பழைய செக்போஸ்ட் ஒன்று மூடிக் கிடந்தது. அதில்தான் தையலம்மா இருந்தார். வயது நாற்பது இருக்கும். மாசானமுத்துவுக்கு எட்டு வயது இளையவர். தையல் மிஷின் ஒன்று, வெள்ளாடு ஒன்று, அதன் குட்டி ஒன்று. ஊர் அதை மடம் என்றது; அவ்வளவுதான் மடத்துச் சொத்து. உண்மைப் பேரைக் கேட்டால், "அது ரேஷன் கார்டுல இருக்கு" என்பார். துணி தைக்க வருகிறவர்கள் தைத்துக்கொண்டு போவார்கள். மனசு கிழிந்து வருகிறவர்கள் திண்டாடிப் போவார்கள். மோட்சத்துக்கு வழி என்ன என்று ஒருத்தர் கேட்டதற்கு, "மொதல்ல சட்டைப் பட்டனைச் சரியாப் போடுங்க, ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டிருக்கீங்க" என்று சொன்னவர் அவர்.

நாலு வருஷமாக மாசானமுத்து அங்கே வாசல் பெருக்கினார், தண்ணீர் சுமந்தார். சிஷ்யர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் சிஷ்யர்தான். கேள்வி என்று ஒன்றுமே கேட்டதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கேட்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"நாலு வருஷம் கழிச்சா? கேளுங்க அண்ணாச்சி."

மாசானமுத்து சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, டிராயர் பையிலிருந்து கத்தியை எடுத்து மிஷின் பலகையில் வைத்தார். மாட்டுக்கொம்புப் பிடி. கைபட்டுக் கைபட்டு மின்னியது.

"இதை எங்க வைக்கட்டும்?"

தையலம்மா கத்தியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தார்.

"இத்தன நாளும் எங்க வச்சிருந்தீங்க?"

"எல்லா எடத்துலயும் வச்சுப் பாத்தாச்சும்மா. இந்தத் தடவை எந்த எடமும் சரிப்பட மாட்டேங்கு."

"மடியில கனமில்லேன்னா வழியில பயமில்லேன்னு சொல்லுவாங்க."

"எனக்கு நேர்மாறு. கனம் இல்லேன்னாத்தான் பயம்."

அம்மா சிரித்துவிட்டார். மாசானமுத்துவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. பிறகு விஷயத்தைச் சொன்னார்.

அவருடைய தங்கச்சி பூரணவல்லிக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பவளம் என்று பேர். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாஸ்தா கோயிலில் காதுகுத்து. பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். பவளத்துக்கு இருப்பது ஒரே ஒரு தாய்மாமன்.

"போக வேண்டியதுதான?"

"தவசிக்கனி வாரான்."

"அது யாரு?"

மாசானமுத்து சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டினார். அங்கே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் தழும்பு.

"என் சேக்காளி. ஒரே தட்டுல சாப்பிட்டவன். மச்சானுக்குச் சின்னையா மகன். வாய்க்கால் தண்ணி மொறையில எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு முட்டிச்சு. பதினோரு வருஷத்துக்கு முந்தி, கோயில் கொடை அன்னைக்கு வந்தான். 'ஏல மாசானம், பழசை விடுல'ன்னு தோள்ல கையப் போட்டுக் கட்டிப்பிடிச்சான். நானும் கட்டிப்பிடிச்சேன். அப்பத்தான் குத்தினான்."

"செயிலுக்குப் போனானா?"

"போனான். வந்துட்டான். இப்ப சொந்தக்காரங்கூட்டத்துல அவனும் உண்டு. மச்சான் அவன வராதேன்னு சொல்ல மாட்டாரு."

"தங்கச்சி என்ன சொல்லுதா?"

மாசானமுத்து சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். "'நீ வரலேன்னா வேற எவன் மடியிலயாவது உக்கார வச்சுக் குத்திருவாங்க. அதுக்கப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு கெடையாதுண்ணே'ன்னு சொல்லிட்டு அழுதா. அவள வளத்ததே நான்தாம்மா."

ஆடு கத்தியது. தையலம்மா எழுந்துபோய் அதற்கு ஒரு வேப்பங்குலையை ஒடித்துப் போட்டுவிட்டு வந்தார்.

"சரி, கத்தியோட போங்க."

மாசானமுத்து இதை எதிர்பார்க்கவே இல்லை.

"நெசமாவா?"

"எடம்தான கேட்டீங்க? நான் தையக்காரி. தச்சுத் தாரேன். எந்திரிச்சு நில்லுங்க, அளவு எடுக்கணும்."

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அம்மா கிட்டே வந்தார். அவர் பழக்கம் போல இரண்டு எட்டு பின்னால் போனார். அம்மா இரண்டு எட்டு முன்னால் வந்தார். அவர் இன்னும் இரண்டு எட்டு போனார். முதுகு சுவரில் முட்டியது.

"அண்ணாச்சி, நாடாவுக்கு அம்புட்டு நீளம் கெடையாது" என்றார் அம்மா.

கைகளைத் தூக்கச் சொல்லி, நாடாவை முதுகுப் பக்கமாக விட்டு நெஞ்சைச் சுற்றி முன்னால் கொண்டுவந்தார். அதற்கு அவர் இரண்டு கைகளும் மாசானமுத்துவைச் சுற்றி வரவேண்டியிருந்தது. ஒரு விநாடி வேலை. அந்த ஒரு விநாடியும் மாசானமுத்து மூச்சே விடவில்லை.

"மூச்ச விடுங்க. இல்லேன்னா அளவு தப்பிரும்."

விட்டார். மூச்சோடு அழுகையும் வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது ஆம்பிளை, செக்போஸ்ட் சுவரில் சாய்ந்துகொண்டு கேவிக் கேவி அழுதார். பதினோரு வருஷமாக ஒரு மனுஷக் கை அவர் மேல் பட்டதில்லை. அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. தனியாக இருந்து பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். பழகவே இல்லை.

அம்மா நாடாவைப் பார்த்தார். முப்பத்தாறு என்று சுவரில் கரித்துண்டால் எழுதினார்.

பிறகு சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார். ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தார்.

"இது பவளம்னு வச்சுக்கிடுங்க. கத்திய ஒவ்வொரு எடமா வச்சுப் பாப்போம்."

டிராயர் பையில் வைத்தார்கள். குட்டி உட்கார்ந்ததும் கத்தி அதன் தொடையில் குத்த, அது துள்ளியது. இடுப்பு மடிப்பில் வைத்தார்கள். குட்டியின் முதுகெலும்பில் உரசியது. துண்டில் முடியலாம் என்றால், துண்டைத்தான் பிள்ளைக்கு மடியில் விரிக்க வேண்டும். பெல்ட்டின் பின்பக்கம் என்றால், காதுகுத்தின்போது பின்னால் பெண்டுகள் நெருக்கியடித்து எட்டிப் பார்ப்பார்கள், முழங்கை படும். கெண்டைக்காலில் கட்டலாமா என்று மாசானமுத்து கேட்டார். சம்மணம் போட்டுவிட்டு அதை எடுப்பதற்குள் ஊரே பந்திக்குப் போய்விடும் என்றார் அம்மா.

கடைசியில் இடது அக்குளுக்குக் கீழே, பனியனின் உள்பக்கம் ஒரு சின்னப் பை. மேலே சட்டை. பிள்ளையின் தலை வலது பக்கம் சாயும், அதனால் அங்கே படாது. ஒரே ஒரு பிரஸ் பட்டன். மனசு வைத்துத் தைத்தார் அம்மா. இரட்டைத் தையல். மாட்டிப் பார்த்தபோது கத்தி இருப்பது மாசானமுத்துவுக்கே மறந்துபோகும் போல இருந்தது.

"பிரமாதம்மா" என்றார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் வெளிச்சம். "சாஸ்தாவே வந்து தேடினாலும் கெடைக்காது."

"ஒரு தடவை ஒத்திகை பாத்துருவோம். நான்தான் காது குத்துற ஆசாரி. பிள்ளைய எப்படிப் பிடிப்பீங்க?"

அது அவருக்குத் தெரியும். எத்தனை காதுகுத்தில் பார்த்திருக்கிறார். வலது கையால் குட்டியின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்தார். இடது கையால் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். குட்டியின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது அவர் உள்ளங்கைக்குத் தெரிந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அதன் காதருகே சொன்னார். யாரிடமாவது அப்படிச் சொல்லி எவ்வளவு காலமாகிவிட்டது. அது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி அவர் மேல் சாய்ந்துகொண்டது.

அம்மா ஒரு தீக்குச்சியைக் குங்குமக் குழம்பில் தோய்த்தார். காதில் பொட்டு வைத்து இடம் குறிக்கிறது மாதிரி குட்டியின் காதுமடலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். குச்சியின் நுனி தோலில் பட்டது. அப்போது மாசானமுத்துவின் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"தவசிக்கனி வந்துட்டான்."

அடுத்து நடந்தது மாசானமுத்து யோசித்துச் செய்ததில்லை. பட்டன் தெறித்தது. வலது கை சட்டைக்குள் போய் வந்தது. இடது கைக் கட்டைவிரல் நகம் கத்தியை விரித்தது. அவர் முழங்காலிட்டு வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தார்.

வாசலில் ஒருத்தரும் இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆடு வேப்பங்குலையைத் தின்றுகொண்டிருந்தது.

"யாரும்மா? எங்க?"

"யாருமில்ல."

அவருக்கு மூச்சு வாங்கியது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. பதினோரு வருஷம் எதற்காகப் பழகினாரோ, அது கண்ணிமைக்கிற நேரத்தில் கைக்கு வந்துவிட்டது.

"எடுத்துட்டேம்மா."

"எடுத்துட்டீங்க. பிள்ளை எங்க?"

மாசானமுத்து தன் மடியைப் பார்த்தார். மடி காலி.

குட்டி தையல் மிஷினுக்கு அடியில் போய் ஒடுங்கி நின்றது. அம்மா அதைத் தூக்கி வந்து அவர் முன்னால் முகத்தைத் திருப்பிக் காட்டினார். பொட்டு வைக்க வேண்டிய காதுமடலில் ஆரம்பித்து, கன்னத்தில் இறங்கி, கண்ணுக்குக் கீழே வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தது. கண்ணுக்கும் கோட்டுக்கும் அரை விரல்கடை இடம்தான்.

அவர் அந்தக் கோட்டையே பார்த்தார்.

"அது குச்சியாப் போச்சு. ஊசியா இருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அம்மா தன் முந்தானையால் கோட்டைத் துடைத்தார். குட்டியைக் கீழே விட்டார். மிஷினில் போய் உட்கார்ந்து வேறு யாருடைய சட்டையையோ எடுத்து வைத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து மாசானமுத்து கத்தியை மடக்கினார். அதை எங்கேயும் வைக்கத் தோன்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் போகலம்மா. எவன் மடியிலயோ குத்தட்டும். பிள்ளை நல்லாருந்தாச் சரி."

அம்மா மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி ரெண்டு நாள் அழுவா. அப்புறம் மறந்துருவா."

மிஷின் ஓடியது.

"இந்த மோட்டார் ரூம் எனக்குப் போதும்."

போதாது என்பது அவருக்குத் தெரியும்.

மிஷின் நின்றது. அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். எங்கேயோ சுற்றிவிட்டு வந்த குட்டி, பயந்தது போதும் என்று நினைத்ததோ என்னவோ, மறுபடியும் வந்து மாசானமுத்துவின் முழங்காலை முட்டியது.

"அம்மா, கத்தியில்லாமப் போனா, அத்தன கூட்டத்துல, முதுகைக் காட்டிக்கிட்டு, ரெண்டு கையையும் பிள்ளைக்குக் குடுத்துட்டு, நான் பயந்துக்கிட்டேல்லா உக்காந்திருக்கணும்?"

தையலம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ஆமா அண்ணாச்சி, பயந்துக்கிட்டே உக்காருங்க. உங்க மடியில இருக்கிறதும் பயந்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கும்."