அம்மி பேசி முடிக்கும் வரை

மலைமேல், காலை பத்து மணி வரைக்கும் மேகம் வாசலை விட்டு நகராத சுவாபாக் என்ற ஊரில், பெத்ரோனாவுக்கு இரண்டு வேலை. விடிந்ததும் மாவு மில் ஓட்டுவாள். மில்லை நிறுத்திய பிறகு நாள் பார்ப்பாள்.

குவாத்தமாலாவின் அந்த மலைகளில் வாழும் மாயா மக்களுக்குத் தனியாக ஒரு நாள்காட்டி உண்டு. இருபது நாள்களுக்கு இருபது பெயர். அவற்றோடு ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்கள் சேர்ந்து சுற்றும். ஒரு சுற்று முடிய இருநூற்று அறுபது நாள். எந்த நாளில் விதைக்கலாம், எந்த நாளில் பெண் கேட்டுப் போகலாம், எந்த நாளில் வாயை மூடிக்கொண்டு வீட்டில் கிடப்பது நல்லது என்று, சிவப்பு விதைகளைப் பரப்பி எண்ணிச் சொல்வாள் பெத்ரோனா.

அவளுக்கு வயது முப்பத்து நாலு. அவளிடம் நாள் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்த பல்தசாருக்கு ஐம்பத்திரண்டு. அந்த ஊரில் வயது வந்த பெண் யாராக இருந்தாலும் அம்மா, வயது வந்த ஆண் யாராக இருந்தாலும் ஐயா. அதனால் அவன் அவளை அம்மா என்றான், அவள் அவனை ஐயா என்றாள்.

பல்தசார் அந்த ஊர்க்காரன்தான். இருபது வயதில் தலைநகரத்துக்குப் போனான். சோக் என்ற மாயாக் குடும்பப் பெயரை எடுத்துவிட்டு மோந்தெஸ் என்று ஸ்பானிஷ் பெயராக எழுதிக்கொண்டான். ஊர் மொழியான கிச்சே தெரியாதவன்போல் இருந்தான். அப்படியே இருந்து இருந்து பாதி நிஜமாகவே மறந்துபோயிற்று. முப்பது வருஷம் ஒரு பெரிய கட்டிடத்தின் வாசலில் காவல் நின்றான். பிள்ளை இல்லை. மனைவி இறந்த வருஷம் முட்டியில் ஒரு வலி வந்தது. எந்த மருத்துவருக்கும் அது பிடிபடவில்லை. ஊருக்கு வந்தான். பெத்ரோனா விதைகளை எண்ணிப் பார்த்தாள்.

"இது நோய் இல்லை, ஐயா. உங்க நாள் உங்களைத் தேடுது."

அவ்வளவுதான் சொன்னாள். மறுநாளிலிருந்து அவன் மில்லில் நின்றான். காலையில் சோளம் கொட்டினான், மாலையில் நாள்களின் பெயர்களைப் படித்தான்.

அவன் கற்க ஆரம்பித்து இருநூற்று ஐம்பத்தெட்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு நாளில் எட்டு பாட்ஸ், அதாவது எட்டாம் எண்ணோடு பாட்ஸ் என்ற பெயர் சேரும் நாள். கற்று முடித்தவர்களுக்கு விதைப் பை கொடுக்கும் நாள் அது. ஊருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பை வாங்குபவரின் வீட்டு ஆள் ஒருவர், குன்றின்மேல் எல்லோர் முன்னாலும் நின்று, 'இவர் எங்க வீட்டு ஆள்' என்று சொல்ல வேண்டும். சொல்ல ஆள் இல்லையென்றால் பை இல்லை.

பல்தசாருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு அக்கா, கந்தேலாரியா. தினமும் சோளத்தோடு மில்லுக்கு வருவாள். வாளியை நீட்டுவாள், மாவை வாங்கிக்கொள்வாள், போய்விடுவாள். இத்தனை நாளில் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனும் பேசவில்லை. எப்படியும் எட்டு பாட்ஸ் அன்று வந்துவிடுவாள், கூடப் பிறந்தவள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று வரிசையில் பன்னிரண்டு பெண்கள். சுண்ணாம்பு போட்டு அவித்த சோளத்தின் வாசனை மில் முழுக்க இருந்தது.

"ஐயா, நேத்து மாவு கொரகொரன்னு இருந்துது," என்றாள் செபஸ்தியானா. வரிசையில் வாய் ஓயாதவள் அவள்தான். "எங்க வீட்டுக்காரர் ரொட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு, இது என்ன கூரை ஓடான்னு கேக்கறார்."

"உங்க வீட்டுக்காரருக்கு எத்தனை பல் இருக்கு?" என்று பெத்ரோனா கேட்டாள்.

"மூணு."

"மூணு பல்லுக்கு வாழைப்பழமே கொரகொரன்னுதான் இருக்கும்."

வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பின் நடுவில்தான் கணக்கெடுப்புக்கார அம்மாள் உள்ளே வந்தாள். நகரத்துச் செருப்பு, கையில் ஒரு தொடுதிரைப் பலகை. அரசாங்கத்துக்காக ஆள் எண்ணுகிறோம், இரண்டே கேள்விதான் என்று ஸ்பானிஷில் சொன்னாள். வாசல் பக்கம் நின்ற பல்தசார்தான் முதலில் அவள் கண்ணில் பட்டான்.

"பேரு?"

"பல்தசார்."

"மாயாவா, லதீனோவா?"

ஸ்பானிஷ் பேசிக்கொண்டு, பழைய மண்ணோடு எங்களுக்கு ஒட்டில்லை என்று வாழ்பவர்களுக்கு லதீனோ என்று பெயர். நகரத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ வாசல்களில் அவனிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்.

"லதீனோ," என்றான் பல்தசார்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது.

மில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பலகையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நன்றி சொல்லி, வரிசையில் நின்றவர்களிடம் போனாள். மாயா. மாயா. மாயா. ஒவ்வொருத்தியும் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள்.

"அடியே, லதீனோ ஐயா நம்ம சோளத்தைக் கையால தொடுறார்," என்றாள் செபஸ்தியானா. "கை அழுக்காயிடப் போகுது. யாராவது ஒரு துண்டு கொடுங்கடி."

அடுத்த வாளி கந்தேலாரியாவுடையது. அவன் பாதி கவிழ்த்த வாளியை அவள் நிமிர்த்தித் தன் பக்கம் இழுத்தாள்.

"அக்கா, குடு. அரைச்சுத் தரேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பெத்ரோனாவிடம் சொன்னாள்: "எங்க வீட்டுல அம்மி இருக்கு."

போய்விட்டாள்.

பல்தசார் மில்லைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கணக்கெடுப்பு அம்மாளின் பின்னால் ஓடினான். சரிவு வழி, முட்டி வலித்தது. தேவாலயத்துப் படியருகே பிடித்துவிட்டான்.

"தப்பாச் சொல்லிட்டேன். மாத்தணும்."

"மாத்திடலாமே. எது போடட்டும்?"

"மாயா."

ஒரு தட்டு. "ஆச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், ஐயா. ஏன், கையெழுத்து எதுவும் வேணுமா?"

அவன் திரும்பி வந்தபோது வரிசை கலைந்திருந்தது. பெத்ரோனா மில்லை நிறுத்திவிட்டு, அரைக்கும் கற்களை வெளியே எடுத்து, ஒரு பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திட்டேன், அம்மா."

"எதை?"

"எழுதினதை."

"சரி."

அவன் சோள மூட்டைமேல் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் முட்டியைத் தடவினான்.

"அக்கா இனி வரமாட்டா. நீங்க எனக்காக நின்னு சொல்லக்கூடாதா?"

"நான் உங்க வீட்டு ஆள் இல்லையே."

"அப்போ நான் யாரு? அதையாவது சொல்லுங்க. மண்ணா, மரமா, சோளமா?"

"அந்தக் கதையை எனக்குச் சொல்லுங்க," என்றாள் பெத்ரோனா. "கல் தேய்க்கறப்போ கேக்க நல்லா இருக்கும்."

அவன் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். "படைச்சவங்க முதல்ல மண்ணுல மனுஷனைச் செஞ்சாங்க. தண்ணி பட்டதும் கரைஞ்சுட்டான். அப்புறம் மரத்துல செஞ்சாங்க. நடந்தான், பேசினான், பிள்ளை பெத்தான். ஆனா நெஞ்சுல ஒண்ணும் இல்லை. தன்னைச் செஞ்சவங்களை நினைக்கலை. அதனால அவனை அழிச்சாங்க. கடைசியா சோளத்தை அரைச்சு, அந்த மாவுல நம்மளைச் செஞ்சாங்க."

"மரத்தைக் கொஞ்சம் வேகமாச் சொல்லிட்டீங்க. எப்படி அழிச்சாங்க?"

"அவங்க வீட்டுச் சாமானே எழுந்துடுச்சு. சட்டி, பானை, அம்மி, நாய், எல்லாம் பேச ஆரம்பிச்சுது."

"அம்மி என்ன சொல்லுச்சு?"

"விடிஞ்சா பொழுது போனா எங்க முதுகுல அரைச்சுத் தின்னீங்களே, ஒரு நாளாவது எங்களைத் திரும்பிப் பார்த்தீங்களான்னு கேட்டுது."

"அப்புறம்?"

"அப்புறம் மர மனுஷங்க ஓடினாங்க. கூரைமேல ஏறினாங்க, கூரை சரிஞ்சுது. மரத்துல ஏறினாங்க, மரம் உதறித் தள்ளிச்சு. குகைக்கு ஓடினாங்க, குகை வாயை மூடிக்கிச்சு."

"அம்மி பேசி முடிச்சுதா?"

பல்தசார் யோசித்தான். "கதையில அது இல்லையே, அம்மா."

"ஏன் இல்லை?"

"நின்னு கேக்க ஆள் இல்லை."

பெத்ரோனா கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் எழுந்து அக்கா வீட்டுக்குப் போனான்.

கந்தேலாரியா முழங்காலிட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். வாளியில் முக்கால்வாசி சோளம் பாக்கி இருந்தது.

"வாசல்ல நின்னு வெளிச்சத்தை மறைக்காதே."

அவன் நகர்ந்து சுவரோரம் நின்றான். ரொம்ப நேரம் கல் மட்டும் பேசிற்று. பிறகு அவள் ஆரம்பித்தாள். அவனைப் பார்த்தல்ல, அம்மியைப் பார்த்து.

நீ ஊரை விட்டுப் போன வருஷம் கூரை ஒழுகிச்சு. மறு வருஷமும் ஒழுகிச்சு. கோழி எல்லாம் ஒரே வாரத்துல செத்துச்சு. அம்மாவுக்கு வலது கண்ணு போச்சு. அந்தக் கதவைப் பாரு, அதை நான் தனியா நிறுத்தினேன், கோணலாத்தான் இருக்கு, இருக்கட்டும்.

கோழி செத்ததற்கு நான் என்ன செய்வேன் என்று அவன் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான். இருட்டும் முன் அவள், "போ, எனக்கு அடுப்பு வேலை இருக்கு" என்றாள். போனான். மறுநாள் மில் வேலை முடிந்ததும் மறுபடி வந்து அதே சுவரோரம் நின்றான்.

அன்று அவள், தங்கள் அம்மா நகரத்துக்குப் போன கதையைச் சொன்னாள்.

"உனக்குன்னு ஒரு துணி நெய்ஞ்சு எடுத்துக்கிட்டுப் போனா. ஒத்தைக் கண்ணை வச்சு ஆறு மாசம் நெய்ஞ்சது. நீ உன் கூட்டாளிங்களோட வாசல்ல நின்னே. யாரு இந்தக் கிழவின்னு ஒருத்தன் கேட்டான். தெரியாது, துணி விக்க வந்தவளா இருக்கும்னு சொன்னே."

அது அக்காவுக்குத் தெரியும் என்று பல்தசாருக்குத் தெரியாது.

"அம்மாவுக்கு அவ்வளவு ஸ்பானிஷ் புரியும். என்ன செஞ்சா தெரியுமா? துணியைப் பிரிச்சு உன் முன்னால நீட்டினா. 'வேணுமா, ஐயா?'ன்னு கேட்டா. நீ என்ன சொன்னே?"

"வேண்டாம்னு சொன்னேன்."

அந்த இரண்டு நாளில் அவன் பேசியது அது ஒன்றுதான். கந்தேலாரியா மாவை வழித்துச் சட்டியில் போட்டாள். மேலே சொல்லவில்லை. அவன் அவளை எட்டு பாட்ஸுக்குக் கூப்பிடவும் இல்லை. கூப்பிட வாய் வரவில்லை.

மூன்றாம் நாள், எட்டு பாட்ஸ் அன்று, கிழக்கு வெளுக்கும்போதே வந்துவிட்டான். துவைத்த சட்டை, இடுப்பில் சிவப்புக் கச்சை. அவள் ஏற்கெனவே அம்மி முன்னால் இருந்தாள். அவன் சுவரோரம் வந்து நின்றதும், கேட்காமலே ஆரம்பித்தாள்.

"அம்மாவுக்கு அந்தக் கடைசி நாள் காலையில நல்ல நினைவு இருந்துது. எழுப்பி உக்கார வையின்னா. வச்சேன். கஞ்சி வேண்டாம்னா. கதவைத் திறந்து வையின்னா. அப்புறம் உன்னைப் பத்தி..."

கோணல் கதவின் இடுக்கு வழியாக வெயில் தரையில் விழுந்தது. குன்றின்மேல் வேட்டு வெடித்தார்கள்.

"அக்கா, விடிஞ்சுடுச்சு," என்றான் பல்தசார். "அங்க ஆரம்பிச்சுட்டாங்க. இப்போ என்கூட வா. மீதியை வந்து கேக்கறேன்."

கல் நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி அரைக்க ஆரம்பித்தாள், பேச்சில்லாமல். அவன் கொஞ்சம் நின்று பார்த்தான். அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்ததும் குன்றை நோக்கி நடந்தான்.

குன்றின்மேல் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது, குங்கிலியப் புகை மேகத்தோடு கலந்துபோயிற்று. நாலு பேர் பை வாங்கினார்கள். ஒருவனுக்கு மனைவி வந்து சொன்னாள், ஒருத்திக்கு மாமியார் வந்து சொன்னாள். ஐந்தாவதாகப் பல்தசார் போய் முழங்காலிட்டான். பெத்ரோனா அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

"மாட்டேன்னுட்டாங்களா?"

"மாட்டேன்னு சொல்லலை, அம்மா. நான் ஓடலை. ரெண்டு நாள் நின்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை."

"எது வரைக்கும் சொல்லியிருக்காங்க?"

"எங்கம்மாவோட கடைசி நாள் வரைக்கும்."

"அன்னிக்கு உங்கம்மா உங்களைப் பத்தி என்ன சொன்னாங்களாம்?"

பல்தசார் நெருப்பைப் பார்த்தான்.

"தெரியலை. அதுக்குள்ள விடிஞ்சுடுச்சு."

பெத்ரோனா கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு விட்டா, அடுத்த எட்டு பாட்ஸுக்கு இன்னும் இருநூத்தி அறுபது நாள் ஆகும், அம்மா," என்றான்.

"ஆமா, ஐயா," என்றாள் பெத்ரோனா. "உங்க அக்கா சொல்லி முடிக்க அது போதுமா?"