நடுவில் பதினொன்று

"அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, டீச்சர்."

சொன்னவர் கோதண்டம், ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். ஆசிரமத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியும், காக்கி அவர் உடம்பை விட்டு இறங்கியதே தவிர மனசை விட்டு இறங்கவில்லை. பால் திரிந்தால்கூட யாருடைய கைவரிசை என்று விசாரிப்பார்.

டீச்சர் என்பது வடிவாம்பாள். கோதண்டத்தைவிட இருபது வயது இளையவர். முன்பு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர், இங்கே மந்திரத்துக்குப் பதில் அணுவைச் சொல்லிக்கொடுத்தார். நடுவில் வைக்கும் புளியங்கொட்டை புரோட்டான். சுற்றி வைக்கும் சிவப்பு மஞ்சாடி விதை எலக்ட்ரான். பார்த்துவிட்டு எந்தத் தனிமம் என்று சொல்ல வேண்டும். அதுதான் தியானம்.

'அவன்' என்பது இருளப்பன். வந்து பத்து நாள் ஆகிறது. யாரோடும் பேசுவதில்லை. எதையும் கேட்பதில்லை.

எதுவுமே வேண்டாம் என்று ஒரு மனுஷன் இருப்பான் என்பதைக் கோதண்டத்தால் நம்ப முடியவில்லை. காலையில் இருளப்பன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் பையைத் திறந்துவிட்டார். கையோடு ஸ்டேஷனுக்குப் போனும் போட்டுவிட்டார். அவனைப் பிடித்துப்போக ஜீப் வந்துகொண்டிருந்தது.

பை இப்போது அவர் மடியில் இருந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் கவுனை எடுத்துக் காட்டினார். நாலு வயதுப் பெண் குழந்தைக்கு ஆகும். துவைத்து, தேய்த்து, மடித்து வைத்திருந்தது.

"தனியா வந்த ஆம்பளை பையில இது எதுக்கு? பிள்ளை பிடிக்கிறவன்தான்."

அவரிடமே கேட்டீர்களா என்றார் டீச்சர்.

"கேட்டா உண்மையைச் சொல்லுவானா?"

 டீச்சர் தரையில் விதைகளை அடுக்கினார். நடுவில் புளியங்கொட்டைக் குவியல். சுற்றி மஞ்சாடி இரண்டு. அதையும் சுற்றி எட்டு.

"இது யாரு?"

கோதண்டம் ஒரு பார்வைதான் பார்த்தார்.

"பத்து. நியான். யாரோடயும் சேராது. எதுவும் வேணாம்னு நிக்கும்."

"சந்தேகமே இல்லையா?"

"துளிகூட இல்ல."

"நடுவுல எண்ணுங்க, ஐயா."

எண்ணினார். பதினொன்று. கலைத்து மறுபடி எண்ணினார். பதினொன்றேதான். பெயரைச் சொல்வது நடுவில் இருக்கும் எண்ணிக்கை மட்டும்தான் என்பது முதல் நாள் பாடம். கோதண்டத்துக்கு வெட்கமாக இருந்தது.

"சோடியம்," என்றார்.

"அப்ப வெளியேயும் பதினொண்ணு இருக்கணும், ஒண்ணு குறையுதே. என்ன ஆச்சு?"

இதையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று, படித்ததை அப்படியே ஒப்பித்தார்.

"ஒண்ணை இழந்துடுச்சு, டீச்சர். இழந்துட்டு நின்னா, வெளியிலேர்ந்து பார்க்க நியான் மாதிரியே..."

 கையில் கவுன் இருந்தது.  பழைய மடிப்பு கலையாமல் அதைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். இரண்டு முறை தப்பியது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இளம் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் உள்ளே வந்து கோதண்டத்துக்கு சல்யூட் அடித்தார். சந்தேகப்படும்படி ஒரு ஆள் இருப்பதாகச் சொன்னீர்களே, எங்கே என்று கேட்டார்.

"நான்தாம்பா," என்றார் கோதண்டம். "அடுத்தவர் பையைத் திறந்திருக்கேன்."