ஓணான் யாருக்குத் தலையாட்டுகிறது

அந்தக் காலத்தில் ஓணானுக்குக் குரல் இருந்தது. சும்மா குரலா? பொட்டலின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் மேய்கிற முயல் திரும்பிப் பார்க்கும். இப்போது அது வாயைத் திறந்தால் காற்றுகூட வருவதில்லை. ஏன் அப்படிப் போயிற்று என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன், கேளுங்கள்.

மேற்கே மலை, கிழக்கே ஆறு, நடுவில் நிழல் என்று ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத பொட்டல். சித்திரை பிறந்துவிட்டால் அந்த மண்ணில் கால் வைக்க முடியாது. தவளையும் நத்தையும் ஆமையும் எப்படி ஆறு போய்ச் சேரும்? அவற்றுக்காகத்தான் பேச்சி என்கிற யானை மலையிலிருந்து ஆற்றுக்கு நடை போட்டுக்கொண்டிருந்தாள். வழியில் நிற்பவர்களை முதுகில் ஏற்றிக்கொள்வாள். நல்ல மனசுக்காரி. ஆனால் கண் அவ்வளவாகப் போதாது. அதனால் பொட்டலின் நடுவில் உயரமாக ஒரு கழியை நட்டு, அதன் உச்சியில் முள்ளாண்டி என்கிற ஓணானை உட்கார வைத்திருந்தார்கள். மேற்கே பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவன் வேலை. யானை தெரிந்ததும் குரல் கொடுப்பான். கழியைக் கண்டு, குரலையும் கேட்டால் பேச்சி நிற்பாள். இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருப்பாள். அவள் காலும் சுடத்தானே செய்யும்.

குறை ஒன்றுதான். காத்திருப்பவர்கள் வெயிலில் காய்ந்தார்கள். நத்தைகள் ஓட்டுக்குள் சுருண்டு கிடந்தன. ஊர்ப் பெரியவர் கொம்பையா என்கிற கிடாவிடம் முறையிட்டார்கள். கொம்பையாவுக்குக் காலில் குளம்பு உண்டு, நினைத்தால் நினைத்த இடத்துக்கு நடந்து போகிறவர். ஒருநாளும் யானைக்காகக் காத்து நின்றவர் இல்லை. ஆனாலும் உடனே சரி என்றார். நல்ல நிழற்குடை ஒன்று கட்டிவிடுவோம், ஊருக்கும் பேராக இருக்கும் என்றார். கட்டுவதற்குக் கறையான்களை விட்டால் ஆள் ஏது? அவர்களுடைய கொத்தனார் மண்ணப்பனை வரவழைத்தார்கள். பாவம், அவருக்குக் கண் கிடையாது. வெயிலில் நின்றதும் கிடையாது.

சுவர் எழும்ப எழும்ப முள்ளாண்டிக்கு மனசு உறுத்தியது. மேற்குப் பக்கம் முழுக்க அடைத்துவிட்டார்கள். வாசலையும் பாதைக்குப் புறமுதுகாக வைத்திருந்தார்கள், புழுதி வராதாம். அவன் கழியிலிருந்து இறங்கி வந்து சொன்னான்.

"மேஸ்திரி, யானை வர்ற பக்கம் ஒரே ஒரு ஓட்டை மட்டும் விடுங்க. உள்ள இருக்கிறவங்க எப்படிப் பாக்குறது?"

மண்ணப்பன் சிரித்தார். "ஓட்டையா? வீடுன்னா அடைச்சாப்ல இருக்கணும் தம்பி. ஓட்டை விட்டா அது வீடா?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவர் அறிந்த வீடு அப்படித்தான். முள்ளாண்டி திரும்பிக் கழிமேல் ஏறிவிட்டான். பெரியவர்கள் கூடிச் செய்கிற காரியம், நமக்கென்ன வம்பு என்று விட்டுவிட்டான். அங்கேதான் முதல் கோணல்.

வேலை முடிந்ததும் கறையான்கள் தின்ன மரம் கேட்டார்கள். பொட்டலில் காய்ந்த மரம் என்று இருந்தது அந்தக் கழி ஒன்றுதான். கொம்பையா முள்ளாண்டியைத் தனியாகக் கூப்பிட்டு, இவ்வளவு பெரிய கட்டடம் எழும்பி நிற்கிறதே, இதைப் பார்க்காமலா பேச்சி போய்விடுவாள், இனி நீயும் மற்றவர்களைப்போல உள்ளே உட்கார் என்று பதமாகச் சொன்னார். முள்ளாண்டி யோசித்தான். எத்தனை கோடை! முதுகுத்தோல் உரிந்து உரிந்து மறுபடி உரிந்திருந்தது. நிழலில் உட்காருவது எப்படி இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது.

"எடுத்துக்கட்டும்யா," என்றான்.

ஒரு வார்த்தைதான். பொழுது சாய்வதற்குள் கழி இருந்த இடத்தில் ஒரு பிடி மாவு கிடந்தது.

மறுநாள் திறப்புவிழா. கொம்பையாவுக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். அவர் பேசி முடிப்பதற்குள் அதைத் தின்றும் முடித்தார். அன்றைக்குத்தான் சித்திரைப் பௌர்ணமி, பேச்சியின் கடைசி நடை. இதை விட்டால் அவள் மழை பிறந்துதான் மலையிறங்குவாள்.

குளத்தாயி என்கிற தவளை அந்த நடைக்காக முந்தின நாளே வந்து காத்திருந்தாள். அவள் இருந்த குட்டை வற்றிவிட்டது. வயிறு நிறைய முட்டை. ஆற்றில் இறங்கினால் அவளும் பிழைப்பாள், அவள் பிள்ளைகளும் பிழைக்கும். இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. முள்ளாண்டியை அவள் கூடப்பிறந்தவனைப்போல அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணே, நான் கொஞ்சம் கண்ணசர்றேன். யானை வந்தா எழுப்பிவிடுண்ணே."

"நீ தூங்கு தாயி. நான் இருக்கேன்ல."

இருந்தான். சுவரில் முதுகைச் சாய்த்து இருந்தான். உள்ளே அப்படியொரு குளிர்ச்சி. கண் தானாக மூடியது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பிறந்தது முதல் வெயிலில் கிடந்தவன்.

யானை நடந்தால் சத்தம் கேட்காது. அந்தக் கனத்த சுவருக்குள் எதுவுமே கேட்காது. விழாக் கூட்டம் கலைந்த பிறகு பேச்சி வந்தாள். கழியைத் தேடினாள், காணோம். குரலுக்குக் காதை விரித்தாள், இல்லை. எதிரே மண்ணால் ஒரு மேடு தெரிந்தது. அந்தப் பொட்டலில் அப்படி ஆயிரம் புற்று உண்டு, இதுவும் ஒன்று என்று நினைத்தாள். இந்த முறை யாரும் இல்லை போலிருக்கிறது என்று நடையைக் கட்டினாள்.

தரை லேசாக அதிர்ந்ததில் முள்ளாண்டி விழித்தான். வாசல் வழியாக ஓடி, சுவரைச் சுற்றிக்கொண்டு பாதைக்கு வந்தபோது யானையின் வால்தான் தெரிந்தது. கத்தினான். ஆற்றுக் காற்று எதிரே அடித்து அவன் குரலை அவன் மேலேயே கொட்டியது. யானையின் முதுகில் கடைசி நடைக் கூட்டம் சந்தைபோல இரைந்துகொண்டிருந்தது. கொதிக்கிற மண்ணில் வயிறு வேக ஓடினான். கத்திக் கத்தித் தொண்டை சிவந்தது, பிறகு கிழிந்தது. கிழிந்த பிறகும் கத்தினான். பேச்சி கண்ணுக்குத் தெரிகிற ஒரு புள்ளியாக இருந்தவரை கத்தினான்.

திரும்பி வந்தபோது குளத்தாயி விழித்திருந்தாள். அவன் சொல்ல வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, யானை வருதா பாரு."

என்ன செய்வான்? ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

மறுநாள் நிழற்குடைக்குள்ளும் வெக்கை இறங்கிவிட்டது. குளத்தாயியின் தோல் சுருங்கியது. நினைவு திரும்புகிற நேரமெல்லாம் அவள் அவனைப் பார்த்து அதையே கேட்டாள். அவன் கூரைமேல் ஏறி, தலையைத் தூக்கி மேற்கே பார்த்துவிட்டு, அவளுக்குத் தெரிகிற மாதிரி வாசலுக்கு மேலே விளிம்பில் தலையை நீட்டி ஆமாம் ஆமாம் என்று ஆட்டினான். அவள் அதை நம்பினாளா என்று யாருக்குத் தெரியும்? மூன்றாம் நாள் கேட்பது நின்றுவிட்டது. அவன் ஆட்டுவதை நிறுத்தவில்லை.

மழைக்குப் பிறகு கொம்பையா வந்து பார்த்தார். கட்டடம் ஒரு கீறல் விழாமல் நின்றது. ரொம்பத் திருப்தி அவருக்கு. இதேபோல இன்னும் நாலு கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாலும் நாற்பதாகி நம் சாலைகள்வரை வந்துவிட்டன. காத்து நிற்காதவர்கள் கட்டுகிறார்கள். காத்து நிற்கிறவர்களோ கூரையை விட்டுவிட்டு, தார் உருகுகிற ரோட்டில் இறங்கி, கழுத்தை நீட்டி நிற்கிறார்கள். பக்கத்து வேலிக் கம்பில் கழுத்துச் சிவந்த ஓர் ஓணான் இருக்கும், பாருங்கள். அன்று முதல்தான் அது வாய் பேசாமல், கேட்க ஆளில்லாத கேள்விக்கு, வருது வருது என்று தலையாட்டிக்கொண்டே இருக்கிறது.