ஜெர்மனிக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தவர்

பத்திர எழுத்தர் மாசானமுத்து எழுதும் பத்திரத்தில் ஒரு பொய் இருக்காது. சர்வே எண், நான்கு எல்லை, கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர், எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கும். கைவசம் இருக்கிற உண்மையை எல்லாம் பத்திரத்திலேயே கொட்டிவிடுவதால், பேச்சுக்கென்று அவரிடம் மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

அன்றைக்கு அவர் கடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடையப்பன், அவர் தம்பி குற்றாலம், இருவருக்கும் இளையவள் சங்கரவடிவு. அப்பா விட்டுப்போன வயலையும் வீட்டையும் பஸ் ஸ்டாண்டுக் கடைகளையும் அண்ணனும் தம்பியும் இரண்டு பாகமாகப் பிரித்துக்கொள்வதாக ஏற்பாடு. சட்டப்படி தங்கைக்கும் சமபங்கு உண்டு என்பதால், எனக்கு எதுவும் வேண்டாம் என்று அவள் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பிறந்த வீடு உண்டு, தை மாதம் மகள் கல்யாணத்தில் தாய்மாமன்கள் வந்து நிற்பார்கள். போடாவிட்டால் நிற்க மாட்டார்கள். இதை யாரும் மிரட்டலாகச் சொல்லவில்லை. பெரிய மதினி முந்தின நாள் போனில் ரொம்பப் பாசமாகத்தான் சொன்னாள்.

வடிவுக்கு மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கிற வேலை. ரெண்டு பல்பு, ஒரு ஃபேன், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்கிறவர்களின் முகத்தையும், அவர்களுக்குப் பின்னால் ஓடுகிற மீட்டரையும் இருபது வருஷமாக மாறி மாறிப் பார்த்தவள். பொய் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் தன் வீட்டு ஆட்களிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. காலையிலிருந்து அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனது. கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள்.

எதிரே சார்பதிவாளர் ஆபீஸில் டோக்கன் இருபத்துமூன்று ஓடிக்கொண்டிருந்தது. இவர்களுடையது இருபத்தேழு. பாகப் பத்திரம், விடுதலைப் பத்திரம் இரண்டும் தயார். செய்வதற்கு வேலை இல்லாததால் குற்றாலம் மாசானமுத்துவின் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்து, பல கலரில் ஏதோ வரைபடம் தெரிகிறதே, அது என்ன என்று கேட்டார். மாசானமுத்துவிடம் கேட்கக் கூடாத கேள்விகளில் அது முதன்மையானது.

"ஜெர்மனி அண்ணாச்சி. அறுநூறு வருசத்துக்கு முந்துன ஜெர்மனி. இப்போதைக்கு நாந்தான் பாத்துக்கிடுதேன்."

அது ஒரு கேமாம். ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு சில நூறு வருஷம் ஆள வேண்டுமாம். பிரான்ஸை எடுத்து ஜெயிப்பவன் எல்லாம் சின்னப் பயல். மாசானமுத்து எடுத்தது பவேரியாவை. அண்ணன் தம்பி மூன்று பேர் மூன்றாகப் பிரித்துக்கொண்டு, மற்ற இரண்டு பேருடையதை எப்போது விழுங்கலாம் என்று காத்திருக்கிற சீமை. படத்தில் நீலக் கலர் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அந்தக் குடும்பம் என்று விளக்கினார்.

"குடும்பப் பேரு விட்டல்ஸ்பாக். நம்ம வாய்க்கு விட்டல் பாகம். பேர்லயே பாகம் இருக்கு பாத்தீங்களா? நம்ம தொழிலுக்குன்னே பொறந்த குடும்பம்."

மூத்தவன் லேண்ட்ஷுட்காரன், நடுவுள்ளவன் மியூனிக்காரன், இளையவன் இங்கோல்ஸ்டாட்காரன். ஆவுடையப்பன் மூன்றாவது பேரைச் சொல்லிப் பார்க்க இரண்டு தடவை முயன்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவன் கடைக்குட்டி ஆனான். உலகத்தில் இந்தக் கேமை ஆடுகிற லட்சம் பேரில் ஒருத்தன்கூட இந்தப் பங்காளிகளை ஒன்று சேர்த்ததில்லை என்றும், மாசானமுத்து சேர்த்தார் என்றும், அதுவும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஆடிச் சேர்த்தார் என்றும் தெரியவந்தது.

மற்றவர்கள் எடுத்த எடுப்பில் படை திரட்டுவார்களாம். மாசானமுத்து வாளைத் தொடவே இல்லை. ஜெர்மனிக்கு முந்நூறு வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தார். நாலாயிரம் பக்கம் வந்தது. இதோ இந்த பிரிண்டர்தான், அன்றைக்குச் சூடானது இன்னும் தொட முடியவில்லை. அந்த நாலாயிரம் பக்கத்தில் மியூனிக்காரன் கோட்டை கட்டியிருப்பது ஓடைப் புறம்போக்கு என்று வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஒரே ஒரு நோட்டீஸ்தான் விட்டார். மியூனிக்காரன் கிரீடத்தைத் தலையிலும் செருப்பைக் கையிலுமாக ஓடி வந்தான்.

நோட்டீஸை எந்தப் பாஷையில் விட்டீர்கள் என்று வடிவு கேட்டாள். கையெழுத்தைப் பற்றி நினைக்காமல் இருப்பதற்காகத்தான் கேட்டாள்.

"தமிழ்லதான் தங்கச்சி. படிக்கத் தெரியாததுனாலதான பயந்தான்."

குற்றாலம் வாய்விட்டுச் சிரித்தார். அது போதும் மாசானமுத்துவுக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டான்யூப் நதிக்கு வந்தார். மூத்தவனுக்கும் கடைக்குட்டிக்கும் நடுவே எல்லையாக ஓடுகிற ஆறு அது. சங்கிலி பிடித்து அளந்து பார்த்தால் ஆறு இரண்டடி தள்ளி மூத்தவன் நிலத்தில் ஓடுகிறது. அவர் சண்டைக்குப் போகவில்லை. "கிழக்கே ரெண்டடி தள்ளி ஓடும் டான்யூப் நதிக்கு மேற்கு" என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதினார். மறுநாள் காலையில் பார்த்தால் ஆறு அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மாசானமுத்து எழுதினால் எழுதினதுதான் என்பது இந்த ஊர் தாசில்தாருக்குத் தெரிகிறபோது ஒரு ஆற்றுக்குத் தெரியாதா?

ஆறு போனது சரி, மீன்கள் என்ன ஆயிற்று என்றார் குற்றாலம்.

"அதுக பழைய எடத்துலயே நின்னுட்டு. தண்ணி போனதே எட்டு நாளைக்கு அதுகளுக்குத் தெரியல."

டோக்கன் இருபத்துநாலு. அடுத்தது சக்கரவர்த்தி. அந்தச் சீமையில் சக்கரவர்த்தியை ஏழு பேர் கூடித் தேர்ந்தெடுப்பார்களாம். ஏழு பேரும் மாசானமுத்துவுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் பிஷப். ஆதார் கொண்டுவராமல் வந்துவிட்டார் என்று மாசானமுத்து அவரைத் திருப்பி அனுப்பினார், முறை என்றால் எல்லாருக்கும் ஒரே முறைதான். கடைசியில் மூன்று பங்காளிகளையும் ஒன்றாக்கி ஒருங்கிணைப்புப் பத்திரம் ஒன்று எழுதினார். அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அந்தச் சக்கரவர்த்தியே வந்தார். உட்கார ஸ்டூல் இல்லாததால் நின்றுகொண்டே போட்டார்.

வடிவு தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் குனிந்து பார்த்தாள். இது இருந்திருக்குமே என்றாள்.

"அன்னைக்கு அது ரிப்பேருக்குப் போயிருந்துச்சு."

பிறகு குளிர்காலப் போர் வந்தது. பங்காளிகள் சேருவது பிடிக்காத அக்கம்பக்கத்து ராஜாக்கள் எட்டுத் திக்கிலிருந்தும் வந்து விழுந்தார்கள். இங்கே கத்திரி வெயில். ஆனால் போர் போன போக்கில் மானிட்டரிலிருந்து பனி கொட்ட ஆரம்பித்து, மேசை நிறைந்து, வாசல் நிறைந்து, பக்கத்து ஜூஸ் கடைக்காரர் ஒரு வாரம் ஐஸ் வாங்கவே இல்லை. அவரைக் கேட்டுப் பாருங்கள் என்றார் மாசானமுத்து. ஜூஸ் கடைக்காரர் கடையை மூடிவிட்டுத் துபாய்க்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதனால்தான் அவரைக் கேட்கச் சொன்னார்.

போர் முடிந்த அன்று கேமைச் செய்த கம்பெனிக்காரர்களே போன் போட்டார்களாம். ஐயா, தயவுசெய்து நிறுத்துங்கள், நீங்கள் அங்கே இழுக்கிற இழுப்பில் இங்கே நிஜ ஜெர்மனியே ஆடுகிறது, மியூனிக்கில் பால் வாங்கக் கடைக்குப் போனவன் திரும்பி வரும்போது லேண்ட்ஷுட்டில் நிற்கிறான் என்று கெஞ்சினார்களாம். ஆவுடையப்பன்கூடச் சிரித்தார். அவர் சிரித்து வடிவு பார்த்து நாளாகியிருந்தது. இப்படியே இருந்துவிட்டால் என்ன, கையெழுத்துத்தானே, போட்டுவிட்டுப் போவோம் என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

டோக்கன் இருபத்தாறு. பேனா மூடியைத் திறந்தவள், மீட்டரைப் பார்க்கிற பழக்கத்தில், ஒரு தடவை மானிட்டரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க நீலக் கலர்னுதான சொன்னீங்க? இதுல ஒரு பொட்டு நீலங்கூட இல்லயே. எல்லாம் மஞ்சளால்லா இருக்கு. தோத்துட்டீங்களோ?"

மாசானமுத்துவைத் திருடன் என்று சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார். தோற்றார் என்று சொன்னால் தாங்க மாட்டார். முகம் சிவந்துவிட்டது. திரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மேசைமேல் இருந்த விடுதலைப் பத்திரத்தைப் பார்த்தார். கண் அங்கே நின்றது. அதிலிருந்துதான் அவருக்கு அடுத்தது கிடைத்தது.

அது தோல்வி இல்லை என்றார். யாருக்கும் சொல்லாத ரகசியம் அது. அந்த விட்டல் பாகத்துக்காரர்களுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் நாட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒருங்கிணைப்புப் பத்திரத்தில் மூன்று அண்ணன்மாரும் கையெழுத்துப் போட்டார்கள், ஏழு பேரும் போட்டார்கள், சக்கரவர்த்தி போட்டார். அவள் ஒருத்தி கையெழுத்துத்தான் பாக்கி.

ஆவுடையப்பன் இருமினார். மாசானமுத்துவுக்கு அது கைதட்டலாகக் கேட்டது.

"நாந்தான் அவளுக்கு ரகசியமா ஓலை விட்டேன் தங்கச்சி. போடாத, பேனாவ மூடி வச்சுட்டுச் சும்மா உக்காந்திருன்னு. அண்ணன்மாரு அழுதானுவ, கோவப்பட்டானுவ, பொறந்த வீடு வேணுமா வேண்டாமான்னானுவ. அவ உக்காந்தா. அவ்வளவுதான் செஞ்சா. பத்திரம் செல்லாமப் போச்சு. மூணு பேரும் ஒருத்தன ஒருத்தன் அடிச்சு ஓட்டாண்டி ஆனானுவ. மொத்த ஜெர்மனியும் அவ மடியில வந்து விழுந்துச்சு. அந்த மஞ்சளுக்குப் பின்னால இருக்கது யாரு? இந்த மாசானம்லா!"

மேசைக்கு அடியில் ஆவுடையப்பன் அவர் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். மிதி வாங்கியும் நிற்கிற நிலையில் மாசானமுத்து இல்லை. ஜெயித்துக்கொண்டிருந்தார்.

வடிவு ஒன்றே ஒன்று கேட்டாள். அந்தத் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு அண்ணன்மார் வந்தார்களா?

"வராம? அவனுவளுக்குச் சோறு எங்க இருக்கு, அவ வீட்லதான. மூணு பேரும் மொத நாளே வந்து பந்தக்கால் நட்டானுவ. மியூனிக்காரன் பாயசம் வெளம்புனான்."

எதிரே இருபத்தேழைக் கூப்பிட்டார்கள். அண்ணன்மார் எழுந்தார்கள். மாசானமுத்து பழக்க தோஷத்தில் விடுதலைப் பத்திரத்தை வடிவுக்கு முன்னால் நகர்த்தி, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்தார். வடிவு எழுந்திருக்கவில்லை. பேனாவை மூடினாள். பயமாகத்தான் இருந்தது, ஆனால் காலையிலிருந்து திரும்பித் திரும்பிப் போன வார்த்தை இப்போது திரும்பிப் போகவில்லை.

"முடியாது பெரியண்ணே. மூணு பாகமா எழுதிட்டு வாங்க, போடுதேன்."

ஏட்டி, அது கேமு என்றார் குற்றாலம். ஆவுடையப்பன் மாசானமுத்துவின் பக்கம் திரும்பி, இவ்வளவு நேரம் சொன்னது அத்தனையும் புளுகு என்று இப்போதே அவளிடம் சொல்லும், இல்லாவிட்டால் இனி இந்தக் கடை வாசலை எங்கள் வகையறாவில் ஒருத்தன் மிதிக்க மாட்டான் என்றார்.

மாசானமுத்து வாழ்நாளில் யாரும் அவரிடம் கேட்காதது அது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சிங்கம் மாதிரி உட்கார்ந்திருந்த மனுஷன் ஐந்து நிமிஷத்தில் இப்படிச் சுருங்கியதைப் பார்க்க வடிவுக்கே பாவமாக இருந்தது.

"தங்கச்சி," என்றார், தரையைப் பார்த்தபடி. "எல்லாம் புளுகு. ஆறு நகரல. சக்கரவர்த்தி வரல. தங்கச்சின்னு ஒருத்தி அந்தக் கேம்லயே கெடையாது. அந்த மஞ்சக்காரன் யாருன்னு எனக்கே தெரியாது. நான் ஒரு நாளும் ஜெயிச்சதில்ல தங்கச்சி. மூணாவது வருசமே மியூனிக்காரன் வந்து என்னய அடிச்சுப் போட்டுருவான்."

வடிவு எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். மூடிய பேனாவை அவர் மேசைமேல் விடுதலைப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஆறு நகந்தத நம்புதேன் அண்ணாச்சி. சக்கரவர்த்தி நின்னுகிட்டே கையெழுத்துப் போட்டதையும் நம்புதேன். நீங்க தோத்தீங்கன்னு சொல்லுதீங்க பாத்தீங்களா, அது ஒண்ணுதான் நம்புற மாதிரி இல்ல."

எதிரே இருபத்தெட்டைக் கூப்பிட்டார்கள்.