மேலத்தெருவுக்குத் தண்ணீர்

தளவாய்க்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று.

குரு என்று சொன்னது தளவாய் மட்டும்தான். செண்பக அம்மா தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஏழு வருடங்களுக்கு முன்னால் ஒரு துணிப்பையோடு அந்த ஊருக்கு வந்து, பாறையடியில் யாரும் சீந்தாமல் கிடந்த கல்மண்டபத்தில் தங்கினார். சுற்றிலும் கீரை போட்டார். தேடி வருகிறவர்களிடம் கொஞ்சம் பேசினார், நிறையக் கேட்டார். செவ்வாய்க்கிழமை தோறும் சாயங்காலம் தளவாய் போய் அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருவார்.

தளவாய்க்குப் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. விடிவதற்கு முன்பே சைக்கிளில் கிளம்பிப் போவார். மேல்நிலைத் தொட்டியின் அடியிலும் தெருமுனைகளிலும் இருக்கிற வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, முறைவைத்துத் தண்ணீர் விடுவார். எட்டரை மணிக்கு எல்லாவற்றையும் அடைப்பார். இப்படியே முப்பத்துநாலு வருடம்.

அந்த மாதம் ஆபீஸில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். கோயம்புத்தூரிலிருந்து மகள் சுபத்ரா போன் செய்து, மாடி அறையை ஒழித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். நல்ல வெளிச்சமான அறை, அப்பாவும் அம்மாவும் வந்துவிட வேண்டியதுதான் என்றாள்.

தளவாய் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பகவதி முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போறதுன்னாலும் சரி, இருக்கிறதுன்னாலும் சரி. பின்னால என் தலையில போடாதீங்க."

படிவத்தில் பெயர், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி எல்லாம் எழுதிவிட்டார். கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது. வேலை பிடிக்கவில்லை என்று எழுதலாமா? அது உண்மையா என்று தெரியவில்லை. உடம்பு முடியவில்லை என்று எழுதலாமா? முழங்கால் வலிக்கும்தான். ஆனால் முடியாமல் போய்விடவில்லை. மூன்று நாள் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்.

இருபத்திரண்டு வயதில் தனக்கு பஸ் டிரைவர் ஆக வேண்டும் என்று ஆசை இருந்ததையும், இந்த வேலை கிடைத்ததால் இதில் சேர்ந்ததையும் சொன்னார். பிடித்துச் சேரவில்லை, பிடிக்காமலும் சேரவில்லை. தண்ணீர் வந்தால் யாரும் இவரை நினைப்பதில்லை. வராவிட்டால் ஊரே திட்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலைம்மா. இத்தனை வருஷம் கழிச்சும் தெரியலைன்னா, அது எப்படி?"

லீவு எத்தனை நாள் இருக்கிறது என்று செண்பக அம்மா விசாரித்தார். நிறைய இருந்தது. தளவாய் லீவு எடுக்கிற ஆள் இல்லை.

"பத்து நாள் லீவு போடுங்க, அண்ணாச்சி. தினமும் காலையில மேலத்தெரு குழாய்ல இருந்து இங்க ஒரு குடம் தண்ணி கொண்டு வாங்க."

அவர் ஏதாவது தியானம் சொல்லிக் கொடுப்பார் என்று தளவாய் எதிர்பார்த்திருந்தார். அவர் கொடுத்த குடத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

லீவின் முதல் நாள் வழக்கமான நேரத்துக்கே விழிப்பு வந்தது. எழ வேண்டியதில்லை என்று நினைத்ததும் உடம்பெல்லாம் லேசானது. மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, குடத்தோடு மேலத்தெருவுக்குப் போனார். குழாயடியில் ஏற்கெனவே பதினைந்து குடங்கள் வரிசையாக இருந்தன. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் பகவதிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். இல்லை, லீவில் இருக்கிறேன் என்றார் தளவாய்.

தண்ணீர் நூல் மாதிரி வந்தது. அரைக் குடம் பிடிக்க ஏழரை ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் கால் குடம். மூன்றாம் நாள் குழாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

தளவாய்க்குப் பதிலாகக் கந்தையா வந்திருந்தார். பக்கத்து ஊர் தொட்டியையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். இங்கே எல்லா வால்வையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, அங்கே திறக்க ஓடிவிடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

மேலத்தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த ஜெபமணி அன்று கடை திறக்கவில்லை. காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். தளவாயைப் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள்.

"இவரு இருந்தப்போ இவரைத் திட்டினோம். இப்போ யாரைத் திட்டுறதுன்னே தெரியலை."

எல்லோரும் சிரித்தார்கள். தளவாயும் சிரித்தார். ஆனால் காலிக் குடத்தோடு மண்டபத்துக்கு நடந்தபோது, பூட்டிக் கிடந்த அந்தக் கடையே கண்ணில் நின்றது.

செண்பக அம்மா களை பறித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லை என்று தளவாய் சொன்னதும், சரி என்று எழுந்து, தோட்டத்துக் கிணறு ஒன்று அரை மைல் தள்ளி இருப்பதாகச் சொல்லிக் குடத்தை வாங்கினார். தளவாய் விடவில்லை. கூடவே நடந்தார். நடந்துகொண்டே பேசினார். கிணற்றடியில் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். மேலத்தெரு மேட்டில் இருக்கிறது. கீழத்தெரு வால்வு இரண்டு சுற்று திறந்திருந்தாலே தண்ணீர் எல்லாம் பள்ளத்துக்கு ஓடிவிடும். அதனால் முதலில் கீழே அடைத்து, மேலத்தெருவுக்கு முக்கால் மணி நேரம் விட வேண்டும். அதிலும் ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. ஒரு சுற்று திறந்து, குழாயில் இருக்கிற காற்று வெளியேறுகிற சத்தம் அடங்குகிற வரைக்கும் நிற்க வேண்டும். அப்புறம் அடுத்த சுற்று.

செண்பக அம்மா குடத்தை நிறைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதைக் கந்தையாகிட்ட சொன்னீங்களா?"

"நான் லீவுல இருக்கேன்மா."

"ஆமா" என்றார் அவர். திரும்பி வந்ததும் ஒரு கட்டு அரைக்கீரை பறித்துக் கொடுத்து அனுப்பினார்.

ஆறாம் நாள் மேலத்தெருக்காரர்கள் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். ஆபீஸில் கந்தையாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். மறுநாள் காலை அவர் மற்ற எல்லாத் தெருவையும் அடைத்துவிட்டு, மேலத்தெரு வால்வை ஒரே மூச்சில் முழுக்கத் திறந்தார்.

தளவாய் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். தரைக்கு அடியில் எங்கோ தொம் என்று ஒரு சத்தம் கேட்டது. மற்றவர்களுக்கு அது என்னவென்று புரியவில்லை. தளவாய் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.

மேலத்தெருவுக்குப் போகிற குழாய் பள்ளிக்கூடத் தெருவில் உடைந்து, ரோட்டைப் பிளந்துகொண்டு தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. கந்தையா தொட்டியடி வால்வை அடைத்துப் பார்த்துவிட்டு வேர்க்க வேர்க்க வந்தார். அது தேய்ந்துபோன வால்வு, முழுக்க அடைபடாது. தொட்டி காலியானால் மறுபடி நிரம்ப இரண்டு நாளாகும். ஊர் முழுக்கத் தண்ணீர் இருக்காது.

தொட்டிக்கும் உடைந்த இடத்துக்கும் இடையில் இன்னொரு வால்வு இருந்தது. பழைய காலத்தில் போட்டது. பிறகு ரோட்டை உயர்த்தினபோது மண்ணுக்குள் போய்விட்டது. அது இருக்கிற விஷயமே ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

தளவாய் வேட்டியை மடித்துக் கட்டினார். பள்ளிக்கூடச் சுவர் மூலையிலிருந்து நாலு எட்டு வைத்து நின்றார். கடப்பாரை கேட்டார். தோண்டினார். ஒன்றும் இல்லை. கண்ணை மூடி யோசித்துவிட்டு ஒரு முழம் தள்ளித் தோண்டினார். கந்தையாவும் இறங்கினார். தண்ணீர் குழிக்குள் வந்துகொண்டே இருந்தது, ஆட்கள் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏறியபோது கடப்பாரை இரும்பில் இடித்தது.

துருப்பிடித்த வால்வு இரண்டு பேர் சேர்ந்து திருப்பியும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்து திரும்பவும் பிடித்தார்கள். மெல்ல அசைந்தது. ரோட்டில் எழும்பிய தண்ணீர் இடுப்பளவாயிற்று, முழங்காலளவாயிற்று, அடங்கிப்போயிற்று. தலையெல்லாம் சேறாகத் தளவாய் குழிக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தார். ஜெபமணி டீ கொண்டுவந்து கொடுத்தாள். உடைந்த இடத்தில் புதுக் குழாய் பொருத்தி முடிகிற வரைக்கும் தளவாய் நகரவில்லை. எந்த வால்வை எத்தனை சுற்று திறக்க வேண்டும் என்று கந்தையாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். கந்தையா சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் மண்டபத்துக்குப் போனபோது தளவாயின் காது மடலில் இன்னும் சேறு இருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னார். படிவத்தை வெளியே எடுத்தார்.

"பதில் கிடைச்சிருச்சும்மா. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. இதைக் கிழிச்சுப் போட்டுடுறேன்."

"கிழிக்காதீங்க."

தளவாயின் கை நின்றது.

"ஊரே சுத்தி நின்னு பார்த்த நாள் இது" என்றார் செண்பக அம்மா. "இந்த மாதிரி நாள் யாருக்குத்தான் பிடிக்காது? முப்பத்துநாலு வருஷத்துல இப்படி எத்தனை நாள் வந்திருக்கும்?"

தளவாய் விரல்விட்டு எண்ணினார்.

"நாலஞ்சு இருக்கும்மா."

"மத்த நாளைப் பார்த்துட்டு வாங்க."

தளவாய்க்குச் சுருக்கென்றது. ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நினைத்தார். வீட்டில் அவருடைய முகத்தைப் பார்த்து, அந்த அம்மா ஏதும் ஏசிவிட்டாரா என்று பகவதி கேட்டாள். இல்லை, சரியாகத்தான் சொன்னார் என்றார் தளவாய்.

லீவு முடிந்து வேலைக்குப் போனார். முதல் இரண்டு நாள் பார்க்கிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத் தெருவைப் பற்றிக் கேட்டார்கள். மூன்றாம் நாள் யாரும் கேட்கவில்லை. நான்காம் நாள், தொட்டியடியில் மூடியைத் தூக்கும்போது முழங்கால் வலித்தது. சைக்கிள் சங்கிலி ஒருதரம் கழன்றது. கீழத்தெருவில் ஒரு நாய் எப்போதும்போலக் கடைசி வீடு வரைக்கும் குரைத்துக்கொண்டு வந்தது. ஒருவர் தன் வீட்டுக்கு மட்டும் இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக விடக் கூடாதா என்று கேட்டு, முடியாது என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காவது வால்வைத் திறந்துவிட்டுக் காத்திருந்தபோது, கோயம்புத்தூர் மாடி அறையின் வெளிச்சம் ஞாபகத்துக்கு வந்தது. நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

அன்று மாதத்தின் கடைசிக்கு முந்தின நாள். சாயங்காலம் மண்டபத்துக்குப் போனார். செண்பக அம்மா விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்.

"இன்னைக்கு எப்படி இருந்துச்சு, அண்ணாச்சி?"

"ஒண்ணும் இல்லைம்மா. சும்மா ஒரு நாள்."

அவர் காத்திருந்தார்.

தளவாய் மறைக்காமல் சொன்னார். கால் வலித்தது. நடுவில் சலிப்பாக இருந்தது. மகள் வீட்டை நினைத்துக்கொண்டார். மேலத்தெருவில் ஜெபமணி, தண்ணீர் பத்து நிமிடம் தாமதம் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஏசினாள்.

"பத்து நிமிஷம் இல்லை, பன்னெண்டு" என்றார் தளவாய். "நான் மணி பார்த்தேன். பள்ளிக்கூடத் தெருவுல புதுக் குழாய் போட்டோம்லா, அதுல காத்து தங்குது. மொத்தமா வெளிய போக நேரம் ஆகுது. நாளைக்கு அந்தத் தெரு வால்வை முதல்லயே ரெண்டு சுத்து மட்டும் திறந்து வச்சுப் பார்க்கணும். அதுக்கும் சரியா வரலைன்னா நாளன்னைக்கு மூணு சுத்து. மூணுல கண்டிப்பா வந்துரும்."

சொல்லிக்கொண்டே தரையில் விரலால் கோடு போட்டவர், நிறுத்தினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். படிவம் ஞாபகத்துக்கு வந்தது.

"நாளைக்கு ஆபீஸ்ல கேப்பாங்கம்மா. நீங்க இன்னும் பதில் சொல்லலையே. இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கா, இல்லையா?"

செண்பக அம்மா திரியை விளக்கில் இட்டார்.

"நான் இன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னுதான் கேட்டேன், அண்ணாச்சி. நாளைக்கும் நாளன்னைக்கும் செய்யப்போறதைச் சொன்னது நீங்கதான்."