எதிரி உப்பு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கை நாடு என்றொரு நாட்டை மணிமுடியான் என்ற ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி, அவ்வளவுதான். அவருக்கு உயிர் எது என்று கேட்டால், மீசை. அதற்கு நெய் தடவவே தனியாக ஓர் ஆள் இருந்தான்.

அந்த அரசவையில் வாகைச்செழியன் என்று ஒரு பேச்சாளர். வாய் திறந்தால் இடி இடிக்கும். சந்தையில் மேடை போட்டு அவர் பேசினால், காய் வாங்க வந்தவர்கள் கல்லோடு திரும்பிப் போவார்கள். அவர் தோளில் கிடந்த பட்டு முதல் விரலில் மின்னிய மோதிரம் வரை எல்லாம் குபேரநாதன் கொடுத்தது.

குபேரநாதன் வணிகர் சங்கத் தலைவர். நாட்டில் விற்கிற எந்தப் பொருளும் தன் கிடங்கு வழியாகத்தான் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஒன்று மட்டும் அவர் கைக்குள் அடங்கவில்லை. உப்பு! பக்கத்துக் கடலோர நாட்டு வண்டிக்காரர்கள் அதைத் தெருத்தெருவாகக் கூவி விற்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? சத்தமில்லாமல் உப்பை வாங்கிக் கிடங்குகளைக் கூரை முட்ட நிரப்பினார். பிறகு வாகைச்செழியன் வீட்டுக்கு ஒரு தட்டு நிறையப் பொன்னும் பழமும் அனுப்பினார்.

மறுநாள் சந்தையில் வாகைச்செழியன் முழங்கினார். "வேங்கை நாட்டு வீரர்களே! நம் ராஜாவின் மீசையைப் பார்த்துக் கடலோரத்தார் 'வாடிப்போன இறால்' என்று சிரிக்கிறார்களாம்! இதைக் கேட்டும் உங்கள் ரத்தம் கொதிக்கவில்லையா?"

கொதித்தது. ஆற்றங்கரையில் நின்ற உப்பு வண்டிகளுக்குக் கூட்டம் தீ வைத்தது. கடலாச்சி என்ற வண்டிக்காரியின் வண்டிகள் சாம்பலாயின. மாடுகளை அவிழ்க்கப் போன அவள் கணவனுக்குக் கை வெந்துபோனது.

அதோடு உப்பு வரத்து நின்றது. குபேரநாதன் கிடங்குக் கதவை லேசாகத் திறந்தார். ஒரு படி உப்புக்கு ஓர் ஆடு! ஆடு இல்லாதவர்கள் பித்தளைக் குடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குடமும் இல்லாதவர்கள் கஞ்சியைச் சப்பென்று குடித்தார்கள். கருவாடு போட வழியில்லாமல் மீனெல்லாம் அழுகி நாறியது.

"எல்லாம் கடலோரத்தார் செய்த சதி!" என்று அதற்கும் வாகைச்செழியன் ஒரு கூட்டம் போட்டார். ஊர் மறுபடி கொதித்தது. அரண்மனையில் ராஜாவும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் கொதித்தார்.

"இறாலாமே, இறால்! விடிந்ததும் படை கிளம்பட்டும்!"

அமைச்சர் ஆதிரை எழுந்து நின்றார். "அரசே, அவர்கள் அப்படிச் சொன்னதைக் காதால் கேட்டவர் யார்?"

"துரோகி!" என்று கத்தினார் வாகைச்செழியன். சபை முழுக்க "துரோகி, துரோகி" என்றது. ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நியாயம் பேசினால் இங்கே எடுபடாது என்று ஆதிரைக்குப் புரிந்துவிட்டது. வெளியே படைக்குப் பேர் கொடுக்க நின்றவர்கள் எல்லாம் மீசை முளைக்காத பிள்ளைகள். அவர்களைக் காப்பாற்றியாக வேண்டும். சட்டென்று குரலை மாற்றினார்.

"அரசே! வாகைச்செழியர் பேச்சில் சூடே போதவில்லை!"

சபை வாயைப் பிளந்தது.

"எதிரி நாட்டு உப்பு நம் கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! அதைத் தின்றவன் கையில் வாள் நிற்குமா? ஒரு கல் விடாமல் தண்ணீரில் கரைக்க வேண்டும். வேண்டாம் என்கிறவன் யார், வாகைச்செழியரே?"

"துரோகி!" என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

குபேரநாதன் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். ராஜாவுக்கோ புல்லரித்துப் போனது. "அபாரம்! எங்கே உப்பு அதிகம்?"

"குபேரநாதர் கிடங்கில்தான், அரசே."

வீரர்கள் ஓடினார்கள். மூட்டைகள் வந்தன. அரண்மனைக் குளத்தில் முதல் மூட்டை 'தொபுக்' என்று விழுந்தது.

"ஐயோ, அது வெறும் உப்பு!" என்று அலறினார் குபேரநாதன்.

"எதிரி உப்பு" என்றார் ஆதிரை.

"எதிரியா? தங்கமான மனுஷர்கள்! என் பாட்டன் காலத்துப் பழக்கம்!"

"அரசரின் மீசையைப் பழித்தவர்களா தங்கம்?"

தொபுக்! அடுத்த மூட்டை.

"பழிக்கவே இல்லை! யாரும் ஒன்றும் சொல்லவில்லை! இறால் என்று சொன்னதே இவன்தான்!"

வாகைச்செழியனுக்கு வேர்த்துக் கொட்டியது. "அநியாயம், அரசே! நான் எலிவால் என்றுதான் எழுதியிருந்தேன். இறால் என்றால்தான் எடுப்பாக இருக்கும் என்று மாற்றச் சொன்னதே இவர்!"

ராஜாவின் கை தானாக எழுந்து மீசையை மூடிக்கொண்டது.

அந்தக் கையை எடுக்காமலே அவர் சொன்னார்: "இவர்கள் பற்ற வைத்தார்கள். ஊதிவிட்டது நான்." படையைக் கலைத்தார். கிடங்கைத் திறந்து உப்பை ஊருக்குப் பங்கிட்டார். ஆடுகளும் குடங்களும் அவரவர் வீடு திரும்பின. தன் முத்துமாலையைக் கழற்றி ஆதிரைக்குக் கொடுத்தார். பிறகு கடலாச்சியை வரவழைத்தார்.

"தாயே, உனக்கு நான் என்ன செய்யட்டும்?"

அவள் பேசியது காற்றுப்போல வந்தது. தீயணைக்க நின்றபோது உள்ளே போன புகையில் தொண்டை கட்டிப்போயிருந்தது. "வண்டியைத் தச்சர் செஞ்சு தருவார், ராஜா. எங்க வீட்டுக்காரர் கையும் ஆறிடும். தெருவில கூவி விக்க எனக்குக் குரல்தான் இல்ல."

ராஜா திரும்பி வாகைச்செழியனைப் பார்த்தார்.

அதன்பிறகு வேங்கை நாட்டுத் தெருக்களில் புது உப்பு வண்டி ஒன்று ஓடியது. பின்னால் குபேரநாதன் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வருவார். முன்னால் வாகைச்செழியன், "உப்போ உப்பு! கடலோரத்து நல்ல உப்பு!" என்று முழங்கிக்கொண்டு நடப்பார். நாலு தெருவுக்குக் கேட்குமாம் அந்தக் குரல்.

கடலாச்சிக்குத்தான் திருப்தி இல்லை. வண்டி மேல் உட்கார்ந்தபடி, 'இன்னும் கொஞ்சம் உரக்க' என்று கையைக் காட்டுவாளாம்.